தேயாத கல் ஏன் வேலையைக் கருக்குகிறது?

டூல் ரூமில் சர்ஃபேஸ் கிரைண்டர் (தட்டையான முகங்களைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் மெஷின்) ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. 60 எச்ஆர்சி-க்குக் (ராக்வெல் கடின அளவு) கடினப்படுத்திய, தகட்டில் துளை போடும் டி2 ஸ்டீல் பஞ்சுகளைத் தேய்க்க ‘ஏ 60 கே 5 வி’ கல் போட்டிருந்தார்கள். அதில் கே என்பதுதான் கிரேடு. கல் சீக்கிரம் தேய்கிறது என்று கடையில் சொன்னபோது, “இன்னும் ஹார்டாப் போடுங்க, நீடிக்கும்” என்று எம் கிரேடு கொடுத்திருக்கிறார்கள். கல் நீடிக்கத்தான் செய்கிறது. ஆனால் டிரஸ் செய்த (வைர முனையால் கல்லின் முகத்தைச் சீவிப் புதுப்பித்த) பத்து நிமிடத்தில் கல்லின் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, பஞ்சின் மேல் பழுப்புக் கோடுகள் விழுகின்றன, சிலவற்றில் மயிரிழை வெடிப்பும் தெரிகிறது. இனி சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான குருணை) கல் வாங்கினால்தான் விமோசனமா?

வேண்டாம். எம் கிரேடைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பு இருந்த கே-யை விடவும் மென்மையான கல் போடுங்கள். எச் அல்லது ஐ. குருணை 46, ஸ்ட்ரக்சர் 8, வெள்ளை அலுமினா. வேலை எவ்வளவு கடினமோ, கல் அவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும். இது கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். எனக்கும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் தோன்றியது. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடலை உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கடலை இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருக்கும் பாகு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே காற்று இருக்கிறது. கிரைண்டிங் கல்லும் அதேதான். வெட்டும் குருணை, குருணைகளை ஒட்டிப் பிடிக்கும் பிணைப்பு, நடுவே வெற்றிடம். கடலை உருண்டை கெட்டியாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னால் கடலையைக் குறை சொல்வதில்லை, பாகு பதம் முற்றிவிட்டது என்றுதான் அர்த்தம். கல்லின் கிரேடும் அப்படியே. கே, எம் என்ற எழுத்து குருணையின் கடினத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பாகு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஏ-யில் தொடங்கி இசட் வரை போகப்போகப் பிடி இறுகும். உங்கள் பழைய கல்லிலும் புதிய கல்லிலும் இருப்பது ஒரே குருணை. புதியதில் அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘ஹார்டு வீல்’ என்ற பெயர் எத்தனை பேரைத் தவறான கல் வாங்க வைத்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் பெரிய தொகை வரும்.

உங்கள் கல் மேல் எழுதியிருந்ததை ஒரு முறை படித்துவிடலாம். முதல் எழுத்து ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு (அலுமினா), சி என்றால் சிலிகான் கார்பைடு. அடுத்த எண் குருணையின் அளவு. 15-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய மி.மீ. கணக்கு கிடைத்துவிடும். 60 என்றால் கால் மி.மீ., 46 என்றால் மூன்றில் ஒரு பங்கு மி.மீ. பிறகு கிரேடு எழுத்து. அதன் பின் வரும் 5, 8 போன்ற எண்தான் ஸ்ட்ரக்சர், குருணைகள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. கடைசியில் பிணைப்பின் வகை. வி என்றால் சுட்ட பீங்கான் போன்ற விட்ரிஃபைடு, பி என்றால் ரெசின், ஆர் என்றால் ரப்பர், இ என்றால் அரக்கு.

அரக்கு என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. நம் ஊர்களில் சாணைக்கல்லை முன்பெல்லாம் குருந்தக்கல் பொடியையும் அரக்கையும் சேர்த்துச் செய்தார்கள். குருந்தம் என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய்க் கொரண்டம் ஆனது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் அந்தக் கனிமம் இருக்கிறது. வேதியியலில் குருந்தமும் உங்கள் ‘ஏ’ கல்லும் ஒன்றுதான், அலுமினியம் ஆக்சைடு. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சசன் மின் உலையில் சிலிகான் கார்பைடை உண்டாக்கியபோது, கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று தவறாக நினைத்துக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரின் பின்பாதி நம்முடையது. சரி, வேலைக்கு வருவோம்.

ஸ்ட்ரக்சர் எண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை. கடையில் கேட்டால் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார்கள். ஆனால் வெற்றிடம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். கணக்கு எளிது. பழைய, பரவலான ஒரு முறைப்படி 32-இலிருந்து அந்த எண்ணைக் கழித்து இரண்டால் பெருக்கினால் கல்லின் கன அளவில் குருணை எத்தனை சதவீதம் என்று கிடைக்கும். 5 என்றால் 54 சதவீதம். 8 என்றால் 48. 12 என்றால் 40. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு இதுதான். மீதியில் பிணைப்பு பெரும்பாலும் பத்துச் சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். எஞ்சியது முழுவதும் காற்று. அதாவது கையில் கனமாக இருக்கும் அந்தக் கல்லில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாததுதான் பாதி வேலையைச் செய்கிறது. 200 மி.மீ. விட்டமுள்ள கல்லில் 0.02 மி.மீ. ஆழம் வெட்டினால், கல்லும் வேலையும் தொட்டுக்கொள்ளும் நீளம் வெறும் 2 மி.மீ. அந்த 2 மி.மீ. தூரத்தில் ஒவ்வொரு குருணையும் ஒரு சீவலை எடுக்கிறது. எடுத்த சீவல் அந்த இடத்தைத் தாண்டும் வரை எங்கே போகும்? குருணைக்கு முன்னால் இருக்கும் குழிக்குள்தான். வெளியே வந்ததும் சுற்றும் வேகத்தில் உதறிப் போட்டுவிடும். கூலண்டை (குளிர்விக்கும் திரவத்தை) உள்ளே எடுத்துப் போவதும் அதே குழிதான். குழி இல்லாவிட்டால் சீவல் அங்கேயே நசுங்கி ஒட்டிக்கொள்ளும். டேபிள் கிரைண்டரில் அலுமினியத் துண்டைத் தேய்த்துக் கல்லைப் பாழாக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கல்லின் முகம் வெள்ளி பூசின மாதிரி ஆகிவிடும், அதற்குப் பிறகு அது வெட்டாது, தேய்க்கும்.

இந்த வெற்றிடம் தற்செயலாக வருவதில்லை. குருணையையும் பிணைப்புக்கான களிமண், கண்ணாடிப் பொடிக் கலவையையும் எடை போட்டு, அச்சில் குறிப்பிட்ட கன அளவுக்கு அழுத்தி, 1,250 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுடுகிறார்கள். பொடி உருகிக் குருணைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பாலங்களாக உறைகிறது. பிணைப்புப் பொடி கூடினால் பாலம் தடிக்கும், கிரேடு ஏறும். இன்னும் பெரிய துளைகள் வேண்டுமென்றால் கலவையில் நாஃப்தலீன் சேர்ப்பார்கள். ஆமாம், பீரோவில் போடும் அந்துருண்டைச் சரக்கேதான். சூடானால் அது ஆவியாகிப் போய், இருந்த இடத்தில் குழியை விட்டுவிடும்.

இப்போது தேய்மானம். 200 மி.மீ. விட்டம், 20 மி.மீ. அகலமுள்ள 46 குருணைக் கல்லில் தோராயமாக ஒன்றரைக் கோடி குருணைகள் இருக்கும். ஒவ்வொன்றும் தன் முறை வந்ததும் வெட்டி, மூன்று விதங்களில் ஒன்றில் போய்ச் சேர்கிறது. ஒன்று மழுங்குதல்: முனை தேய்ந்து தட்டையாகிவிடும். இரண்டு உடைதல்: குருணையில் ஒரு சில்லு பெயர்ந்து, உடைந்த இடத்தில் புதிய கூர் வரும். மூன்று உதிர்தல்: பாலம் முறிந்து முழுக் குருணையும் கழன்று விழும், அடியில் இருக்கும் அடுத்த குருணை வேலைக்கு வரும்.

இவற்றில் எது கல்லை அதிகம் தின்கிறது? 1971-இல் மால்கின், குக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லிலிருந்து விழும் துகள்களைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். கல் இழக்கும் எடையில் மிகப் பெரும் பங்கு உடைதலாலும் உதிர்தலாலும்தான். மழுங்குதலால் போவது மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்தைத்தான் அவர்கள் முக்கியமாகக் காட்டினார்கள். கல் முகத்தில் தட்டையாகிப் போன பரப்பு எத்தனை சதவீதம் என்று மைக்ராஸ்கோப்பில் அளந்தபோது, வெட்டும் விசை அந்தச் சதவீதத்தோடு நேராக ஏறியது. அது ஓர் அளவைத் தாண்டியதும் விசை செங்குத்தாக ஏறி, வேலை கருகியது. அந்த எல்லை கூட ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அதாவது நூறில் சில பங்கு இடம் மட்டும் வழவழப்பானால் போதும், பஞ்சு போய்விடும். தட்டையான குருணை சீவல் எடுப்பதில்லை. இரும்பின் மேல் விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலின் சூட்டில் பெரும்பகுதி பஞ்சுக்குள்தான் இறங்குகிறது, ஏனென்றால் அதை எடுத்துப் போகச் சீவல் இல்லை.

உங்கள் எம் கல்லில் நடந்தது இதுதான். குருணை மழுங்கியதும் அதன் மேல் விசை ஏறும். நல்ல கல்லில் அந்த விசையே பாலத்தை முறித்தோ குருணையை உடைத்தோ மழுங்கியதை அப்புறப்படுத்திவிடும். எம் கிரேடில் பாலம் தடி. முறிய மாட்டேன் என்கிறது. மழுங்கினவர்கள் பதவியை விட்டுப் போகாததால் இளசுகளுக்கு வேலை வரவில்லை. கல் நீடிக்கிறது என்று நீங்கள் பார்த்தது, உதிர வேண்டிய குருணை உதிராமல் உட்கார்ந்திருப்பதைத்தான்.

நம் வீட்டு அம்மி இப்படித்தான் வழவழத்துப் போகும். “அம்மி கொத்தலையோ” என்று தெருவில் குரல் வரும் வரை மசாலா அரைபடாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அம்மிக்குத் தானாகக் கூர்மை திரும்பாது, உளி வேண்டும். கிரைண்டிங் கல்லுக்குத் தானாகத் திரும்பும் குணத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். கிரேடை இறுக்கினால், கொடுத்த விலைக்கு அம்மியை வாங்கினது போலாகிவிடும்.

டி2 இதில் கூடுதல் தொல்லை. 12 சதவீதம் குரோமியம், ஒன்றரைச் சதவீதம் கார்பன். இரண்டும் சேர்ந்து இரும்புக்குள் பெரிய பெரிய குரோமியம் கார்பைடுக் கட்டிகளை உண்டாக்கியிருக்கும். அலுமினா குருணை அவற்றை விடக் கடினம்தான், ஆனால் வித்தியாசம் அதிகமில்லை. எனவே குருணை சீக்கிரம் மழுங்கும். வனேடியம் அதிகமுள்ள ஹை ஸ்பீடு ஸ்டீல் வந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் வனேடியம் கார்பைடு அலுமினாவை விடக் கடினம். 2 சதவீத வனேடியமுள்ள எம்2 ஒரு மாதிரி சமாளிக்கும். 5 சதவீதமுள்ள டி15 (T15) ஹை ஸ்பீடு ஸ்டீலைத் தேய்க்கும்போது யார் யாரைத் தேய்க்கிறார்கள் என்றே சந்தேகம் வரும். எடுத்த உலோகத்தை விடப் போன கல் அதிகமாகக் கூட இருக்கும். சிபிஎன் அங்கேதான் விலைக்கு ஏற்ற வேலை செய்கிறது.

“அப்போ அலுமினாவை விடக் கடினமான சிலிகான் கார்பைடைப் போட்டால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடினம் மட்டும் கணக்கென்றால் அது ஜெயிக்க வேண்டும். ஆனால் வெட்டுமிடத்துச் சூட்டில் அதிலுள்ள கார்பனையும் சிலிகானையும் இரும்பு கரைத்துக்கொள்கிறது. எனவே ஸ்டீல் மேல் அது அலுமினாவை விட வேகமாக மழுங்கும். வைரத்துக்கும் இதே கதி, அதுவும் கார்பன்தானே. வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை, டங்ஸ்டன் கார்பைடு முனைகள் (இதற்குப் பச்சை நிறக் கல்), இவற்றுக்குத்தான் சிலிகான் கார்பைடு. தேய்மானம் என்றால் உராய்வு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அதில் பாதி வேதியியல்.

இனி பலர் கவனிக்காத விஷயம். கல்லின் மேல் எழுதியிருக்கும் கிரேடு ஒன்று, மெஷினில் அது நடந்துகொள்ளும் கிரேடு வேறு. ஒவ்வொரு குருணையும் எவ்வளவு தடித்த சீவலை எடுக்கிறதோ, அவ்வளவு விசை அதன் மேல் விழும். விசை கூடினால் கல் மென்மையாக நடந்துகொள்ளும், குறைந்தால் கடினமாக. வேலையைச் சுமந்து போகும் டேபிளை வேகமாக ஓட்டினால் சீவல் தடிக்கும், கல் ‘மென்மை’யாகும். கல்லைச் சுற்றும் வேகத்தைக் கூட்டினால் சீவல் மெலியும், கல் ‘கடின’மாகும். கருகுகிறதே என்று பயந்து டேபிளை ஆமை வேகத்தில் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் உரசல்தான் கூடுகிறது. சூடு ஒரே இடத்தில் நின்று இறங்கவும் நேரம் கிடைக்கிறது. ஆழத்தைக் குறையுங்கள், டேபிளை வேகமாக ஓட்டுங்கள்.

கல் தேயத் தேய அதன் குணம் மாறுவதும் இதனால்தான். 200 மி.மீ. கல் 2,800 ஆர்பிஎம்-மில் சுற்றினால் ஓரத்தின் வேகம் விநாடிக்கு 29 மீட்டர். அதே கல் 160-க்குத் தேய்ந்தால் 23 மீட்டர் சொச்சம். அதே எழுத்து, அதே கல், ஆனால் ஒரு கிரேடு மென்மையானது போல உதிர ஆரம்பிக்கும். “கல்லோட கடைசி பாகம் சரியில்ல, கம்பெனி ஏமாத்திட்டான்” என்று புலம்பல் வரும். கம்பெனியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

டிரஸ்ஸிங் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பிரச்சினையில் பாதி இங்கேயே இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். கல்லை வைரத்தின் மேல் எவ்வளவு நேரத்தில் கடக்க வைக்கிறீர்கள்? ‘பார்த்து, மெதுவா’ என்று அரை நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு வைரம் நகரும் தூரம் 0.015 மி.மீ.-க்கும் கீழே. ஒரே குருணையை வைரம் இருபது முறைக்கு மேல் சீவுகிறது. அது டிரஸ் செய்வதல்ல, நாமே குருணையை மழுக்கிக் கொடுப்பது. 20 மி.மீ. அகலக் கல்லை மூன்று நான்கு விநாடியில் ஒரே சீராகக் கடக்க வையுங்கள், ஆழம் 0.02 மி.மீ. அப்போது வைரம் ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ.-க்கு மேல் நகரும். குருணை உடைந்து கூராகும், முகம் திறக்கும். கடைசிப் பாலிஷ் வேண்டுமென்றால் முடிக்கும் முன் ஒரு தடவை எட்டு, பத்து விநாடியில் லேசாகக் கடத்திக்கொள்ளலாம். வைரத்தின் முனையையும் பாருங்கள். மாதக்கணக்கில் திருப்பாமல் ஒரே முகத்தில் ஓட்டினால் வைரமே தட்டையாகியிருக்கும், தட்டை வைரம் தட்டைக் கல்லைத்தான் தரும். ஹோல்டரைக் கல் சுற்றும் திசைக்குச் சாய்வாக 10 முதல் 15 டிகிரி வைத்து, அடிக்கடி கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருந்தால் அது தன்னைத்தானே கூராக வைத்துக்கொள்ளும்.

டிரஸ் செய்தவுடன் முதல் சில பாஸ்களில் (கல் வேலையின் மேல் ஒரு முறை கடப்பது ஒரு பாஸ்) கல் வேகமாகத் தேய்வதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வைரம் தட்டியதில் பாதி உடைந்து தளர்ந்து நிற்கும் குருணைகள் முதலில் விழும். பிறகு நிதானமாகிவிடும். அதனால் பைனல் சைஸுக்குக் கொஞ்சம் முன்பே டிரஸ் செய்து, நாலு பாஸ் ஓட்டிவிட்டு அளவெடுங்கள்.

நான் சொன்னது எல்லாம் புத்தகத்தில் படித்து வந்த ஞானம் இல்லை. பல வருடம் முன்பு நான் வேலை செய்த ஒரு ஷாப்பில், டை செட் ஒன்றுக்கு நாற்பது பஞ்சு முகம் தேய்த்தேன். கல் வழவழத்தது, பழுப்புக் கோடு வந்தது. புத்திசாலித்தனமாகக் கடைசியில் ஆழம் கொடுக்காமல் பத்துப் பாஸ் ஓட்டிக் கோட்டை எடுத்துவிட்டேன். பளபளவென்று இருந்தது. பிரஸ்ஸில் போட்ட அன்றே ஓரங்கள் பெயர ஆரம்பித்தன. அப்போதுதான் மூத்தவர் ஒருவர் உட்கார வைத்துச் சொன்னார்: நிறம் என்பது தோல் மேல் படிந்த ஆக்சைடு, அதைத் துடைத்தால் அடியில் வெந்தது போகாது. லேசாகச் சூடேறியிருந்தால் அந்தத் தோல் டெம்பர் ஆகி மென்மையாகியிருக்கும். அதிகம் ஏறியிருந்தால், அடியிலுள்ள குளிர்ந்த உலோகம் சூட்டை உறிஞ்ச, தோல் மறுபடி ஹார்டன் ஆகி, டெம்பர் ஆகாத மார்டென்சைட் என்ற கடின நிலையில் நிற்கும். கண்ணாடி போல நொறுங்கும். உங்கள் மயிரிழை வெடிப்புகள் அங்கிருந்துதான் வருகின்றன. எனவே இப்போது கையில் இருக்கும் பஞ்சுகளை நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தடவிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். கருகிய இடம் கருமையாகவும், மறுபடி ஹார்டன் ஆன இடம் வெள்ளையாகவும் காட்டிக்கொடுக்கும்.

வழவழப்பா, அடைப்பா என்பதையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், மருந்து வேறு. மெஷினை நிறுத்தி, கல் முழுவதும் நின்ற பிறகு, பத்து மடங்கு லென்ஸில் முகத்தைப் பாருங்கள். விளக்கை அசைத்தால் குருணைகளின் உச்சி மினுமினுத்தால் அது மழுங்கல், கிரேடு இறுக்கம். துளைகளில் உலோகப் புள்ளிகள் அடைந்திருந்தால் அது அடைப்பு. அதற்கு ஸ்ட்ரக்சரைத் திறக்க வேண்டும், குருணையைப் பெரிதாக்க வேண்டும், கூலண்டை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதை விடக் கொடுக்காமலே இருப்பது மேல். சூடான பஞ்சின் மேல் விட்டு விட்டு விழும் சொட்டு, வெடிப்புக்கு அழைப்பு. கொடுத்தால் தொடும் இடத்தில் பாயும்படி முழுசாகக் கொடுங்கள். கல்லோடு சுற்றும் காற்று கூலண்டை விலக்கித் தள்ளும், எனவே நாஸில் கல்லை ஒட்டி இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. முகம் கூராக இருக்கிறது, ஆனால் சைஸ் நிற்பதில்லை, ஓரம் உருண்டுபோகிறது. அது உண்மையிலேயே மென்மை அதிகம். ஓரத்துக் குருணைக்கு ஒரு பக்கம் ஆதரவு இல்லாததால் மூலை எப்போதும் முதலில் போகும். கூர் மூலையுள்ள ஃபார்ம் (வடிவம்) தேய்க்கிறீர்கள் என்றால் குருணையைச் சிறிதாக்கி, ஒரு கிரேடு ஏற்றலாம். கிராஸ் ஃபீட் கொடுத்து, அதாவது பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே, தேய்க்கும்போது முன் ஓரம்தான் பெரும்பாலும் வெட்டும், படிக்கட்டு மாதிரித் தேய்ந்துகொண்டே உள்ளே வரும், மீதி அகலம் துடைத்து விடும். அதைக் கோளாறு என்று நினைத்து ஓரம் சரிந்தவுடன் டிரஸ் செய்பவர்கள், கல்லைத் தேய்ப்பது பஞ்சா தாங்களா என்று யோசிக்க வேண்டும்.

பழைய கே கல் ‘சீக்கிரம் தேய்கிறது’ என்றீர்களே, எவ்வளவு என்று அளந்தீர்களா? அளப்பது சுலபம். கல்லின் அகலத்தில் 10 மி.மீ. மட்டும் வெட்டும்படி ஒரு துண்டைத் தேய்த்துவிட்டு, பிறகு மெல்லிய மைல்டு ஸ்டீல் தகட்டில் கல்லின் முழு அகலத்தையும் நேராக இறக்கித் தடம் எடுங்கள். தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் உள்ள படி தகட்டில் பதிந்திருக்கும், டயல் வைத்து அளக்கலாம். 100 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலத்தில் 1 மி.மீ. எடுத்தீர்கள் என்றால் போன உலோகம் 1,000 கன மி.மீ. படி 0.01 மி.மீ. என்றால், 200 மி.மீ. விட்டத்தில் போன கல் ஏறக்குறைய 63 கன மி.மீ. வகுத்தால் ஏறக்குறைய 16. இதைத்தான் ஜி ரேஷியோ என்கிறார்கள். இந்த எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று முதலாளிகள் நினைப்பார்கள். உங்கள் எம் கல்லுக்கு அது பெரிய எண்ணாகத்தான் வந்திருக்கும். கருகின பஞ்சின் விலையையும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டிரஸ் செய்த நேரத்தையும், டிரஸ் செய்யும்போது வைரம் தின்ற கல்லையும் அந்த எண் கணக்கில் எடுப்பதில்லை. வெட்டித் தேய்ந்த கல்லை விட டிரஸ்ஸிங்கில் போன கல்தான் பெரும்பாலான டூல் ரூமில் அதிகம்.

சிபிஎன் பற்றிக் கேட்டீர்கள். 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் உண்டாக்கியது. வைரத்துக்கு அடுத்த கடினம், இரும்போடு வேதியியல் சண்டையும் இல்லை, சூட்டையும் தன் வழியாக நன்றாகக் கடத்திவிடும். அருமையான பொருள். ஆனால் கையால் ஓட்டும் மெஷின், அதிரும் ஸ்பிண்டில், நாளுக்கு நாலு விதமான வேலை என்றால் அதன் விலை திரும்பி வராது. ஒரே ஸ்டீலை வருடம் முழுக்கத் தேய்ப்பவர்களுக்கு வரும். நடுவில் ஒன்று இருக்கிறது: 1980-களில் வந்த செராமிக் அலுமினா. ஒரு மைக்ரானுக்கும் சிறிய படிகங்களால் ஆன குருணை, பெரிய சில்லாக உடையாமல் பொடிப்பொடியாக உடைந்து கூராகவே இருக்கும். அப்படி உடைய விசை வேண்டும். சின்ன மெஷினில் முழுச் செராமிக் கல்லைப் போட்டால் உடையாமல் மழுங்கி உட்கார்ந்துவிடும். பத்து முதல் முப்பது சதவீதம் செராமிக் கலந்த கல் கேட்டு வாங்குங்கள். எச் கிரேடு வெள்ளைக் கல்லை முதலில் ஓட்டிப் பார்த்த பிறகு இதற்குப் போனால் போதும்.

மாற்றும்போது வழக்கமான ஜாக்கிரதை. கல்லைத் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் தட்டுங்கள். விட்ரிஃபைடு கல் மணி போலத் தெளிவாக ஒலிக்க வேண்டும். சத்தம் செத்துப்போயிருந்தால் உள்ளே விரிசல், வேண்டாம். காகித வாஷரை எடுத்து எறியாதீர்கள், அது அலங்காரத்துக்கு இல்லை, கல்லை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் ஃபிளாஞ்சின் அழுத்தத்தைப் பரப்புவதற்கு. எழுதியிருக்கும் ஆர்பிஎம்-மைத் தாண்டக் கூடாது. புதுக் கல்லை ஒரு நிமிடமாவது காவலை மூடி, எதிரே நிற்காமல் சும்மா ஓடவிடுங்கள். நிறுத்துவதற்கு முன் கூலண்டை முதலில் அடைத்துவிட்டுக் கல்லைக் கொஞ்சம் சுற்றவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கத் துளைகளில் தங்கி மறுநாள் காலையில் கல் ஆடும்.

அந்த எம் கல்லைத் தூக்கிப் போட வேண்டாம். ஹார்டன் செய்யாத மைல்டு ஸ்டீல் வேலை, ஒடுங்கிய தொடு பரப்புள்ள வேலை வரும். அங்கே குருணைக்குச் சீக்கிரம் மழுங்கல் வராது, விசையும் ஒரே இடத்தில் குவியும், அந்த இறுக்கமான பிடி வேண்டியிருக்கும். கல் மேல் மார்க்கரில் ‘டி2-க்கு இல்லை’ என்று எழுதி அலமாரியில் நிற்க வைத்துவிடுங்கள்.